பதினாறு அடி

மரத்தடிக்கு வந்து சேரும்போது மணி ஐந்தே முக்கால். நவம்பர் இரண்டாம் வாரம், மிச்சிகனின் வடபகுதி. விடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. நெற்றி விளக்கின் சிவப்பு வெளிச்சத்தில் என் மூச்சு புகையாகப் போவது தெரிகிறது. முதுகில் சுமந்து வந்த இருபது பவுண்ட் அலுமினியத்தை இறக்கி, சத்தம் வராமல் இரண்டாகப் பிரிக்கிறேன். ஒன்று உட்காரும் சட்டம், இன்னொன்று கால் வைக்கும் தட்டு. இரண்டிலும் ஒவ்வொரு கேபிள். அதை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்கத்துக் குழாயில் நுழைத்து, ஊசியைச் செருக வேண்டும். கையுறையோடு அந்த ஊசி இறங்காது. கழற்றினால் ஐந்து நிமிடத்தில் விரல் நுனி மரத்துப்போகும்.

வில்லோடு மான் வேட்டைக்குப் போகிறவர்கள் மரத்தில் ஏறி உட்காரும், க்ளைம்பர் என்று இங்கே சொல்லும் ஏறு பரண் இதுதான். உடன்குடிப் பக்கம் வளர்ந்தவனுக்கு இது எப்படி வேலை செய்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. பனையேறும் மாமாக்கள் காலில் தளைநார் மாட்டிக்கொண்டு ஏறுவதைத் தினமும் பார்த்தவன் நான். கை மரத்தைக் கட்டியிருக்கும்போது கால் மேலே வரும். கால் ஊன்றிக்கொண்டதும் கை மேலே போகும். க்ளைம்பரிலும் அதேதான். உட்காரும் சட்டத்தில் உடம்பைச் சாய்த்துக்கொண்டு, பாதத்தில் வாரால் கட்டிய தட்டை முழங்கால் மடக்கி மேலே இழுத்து, குதிகாலை அழுத்தினால் தட்டின் பற்கள் பட்டையைக் கவ்வும். எழுந்து நின்று சட்டத்தை ஓர் அடி உயர்த்த வேண்டும். மறுபடி உட்கார வேண்டும். பதினாறு அடிக்கு இப்படிப் பதினைந்து இருபது தடவை.

ஒரு விஷயத்தைக் கீழேயே கவனித்துவிட வேண்டும். மரம் மேலே போகப் போக ஒல்லியாகும். கேபிளின் வளையமோ அதே அளவில்தான் இருக்கும். அதனால் தட்டின் முன்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே வரும். தரையில் சமமாகப் பூட்டினால் மேலே போனதும் சறுக்குமரம் மாதிரி சரிந்து நிற்கும். முன்பக்கம் நன்றாகத் தூக்கினாற்போலப் பூட்டிவிட்டு ஏறினால் மேலே சமத்துக்கு வரும். எவ்வளவு தூக்க வேண்டும் என்பது மரத்துக்கு மரம் வேறுபடும். நான் தேடுவது ஆஸ்பென் மரங்களை. இந்த ஊர்க்காரர்கள் பாப்பிள் என்பார்கள். நேராக வளரும், கீழே கிளை இருக்காது, பட்டை மிருது, பல் நன்றாக இறங்கும். ஆனால் உள்ளே உளுத்துப்போயிருக்கும் வாய்ப்பு அதிகம், ஏறுவதற்கு முன் தட்டிப் பார்த்தே ஆக வேண்டும். பீச் (beech) மரத்தின் வழவழப்பான பட்டையில் உறைபனி படிந்திருந்தால் நான் பக்கத்திலேயே போகமாட்டேன்.

ஹார்னஸைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முழு உடம்பையும் தாங்குகிற பட்டைகள். அதிலிருந்து ஒரு கயிறு மரத்தைச் சுற்றி. கால் தரையை விடும் முன் அது மாட்டப்பட்டிருக்க வேண்டும். ஏறும்போது அது என் தலைக்கு மேலேயே நகர்ந்துகொண்டு வர வேண்டும். சட்டத்தையும் தட்டையும் ஒன்றோடொன்று இன்னொரு கயிற்றால் கட்டியிருப்பேன். தட்டு பாதத்திலிருந்து கழன்று கீழே போய்விட்டால், மேலே தொங்கிக்கொண்டிருப்பவனுக்கு இறங்க வழியில்லை. அம்மாவின் அண்ணன் ஒருவர் பனையிலிருந்து விழுந்து ஒன்பது வருஷம் படுக்கையில் கிடந்தார். அவர் வீட்டுத் திண்ணையில்தான் என் பள்ளி விடுமுறைகள் கழிந்தன. அதனால் இந்தக் கயிறுகளை நான் ஒருநாளும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதில்லை. முதல் வருஷம் நான் வேட்டைக்குப் போவதாகச் சொன்னபோது அம்மா மானைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "மரத்துலயா ஏறப்போற? எதுக்குய்யா உனக்கு அந்த வேல?" என்றுதான் கேட்டாள்.

வில் கீழே புல்லில் கிடக்கிறது. மேலே உட்கார்ந்து, எல்லாவற்றையும் ஒருமுறை தடவிப் பார்த்த பிறகு, இடுப்பிலிருந்து தொங்கும் கயிற்றால் மெதுவாக மேலே இழுத்துக்கொள்வேன். அறுபது அங்குல ரிகர்வ், அதாவது நுனிகள் முன்பக்கமாக வளைந்த, கப்பி இல்லாத வில். நாணை இருபத்தெட்டு அங்குலம் இழுத்தால் நாற்பத்தைந்து பவுண்ட் சுமை. இந்த மரத்திலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் உள்ள கிரேலிங் என்ற சின்ன ஊரில் எழுபதுகளில் செய்தது.

கிரேலிங்கின் கதை எனக்கு மிகவும் நெருக்கமானது. அங்கே வில் செய்த ஃப்ரெட் பேர் (Fred Bear) பென்சில்வேனியாவில் பிறந்து, 1923-இல் கார் தொழிற்சாலை வேலைக்காக டெட்ராய்டுக்கு வந்தவர். நானும் கார் கம்பெனி வேலைக்காகத்தான் அதே ஊருக்கு வந்தேன், எண்பது வருஷம் கழித்து. 1933-இல் டெட்ராய்டில் தொழில் தொடங்கினார். அதுதான் பின்னாளில் பேர் ஆர்ச்சரி என்ற வில் கம்பெனியாக வளர்ந்தது. 1947-இல் கிரேலிங்குக்கு மாற்றினார். 1978 வாக்கில் தொழிற்சாலை ஃப்ளோரிடாவுக்குப் போய்விட்டது. வில்லுக்கென்று தனி வேட்டைக் காலம் கேட்டு வாங்கிய தலைமுறை அது. விஸ்கான்சினில் 1934-இல் முதலில் கிடைத்தது, மிச்சிகனில் 1937-இல். இன்று மிச்சிகனில் அக்டோபர் 1 முதல் நவம்பர் 14 வரை காடு வில்லாளிகளுக்கு. 15-ஆம் தேதி துப்பாக்கிக்காரர்கள் வந்துவிடுவார்கள்.

1966-இல் மிசூரியைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் என்பவர் கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லுக்குக் காப்புரிமை கோரினார். 1969-இல் கிடைத்தது. அதற்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது. இன்றைய காம்பவுண்டை முழுதாக இழுத்த பின் கையில் நிற்பது மொத்தச் சுமையில் ஐந்தில் ஒரு பங்குதான். மான் திரும்பும்வரை அப்படியே காத்திருக்கலாம். என் வில்லில் அந்தச் சலுகை கிடையாது. நாற்பத்தைந்து பவுண்டும் மூன்று விரலில் நிற்கும். குறிபார்க்க ஊசியும் கிடையாது. நடுவிரல் வாயோரத்தைத் தொட்டதும் இரண்டு மூன்று வினாடி, அவ்வளவுதான். கண் ஒரு மயிர்க்கற்றையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றதைக் கை அறியும்.

நம் ஊர் வாசகர்கள் சிலருக்கு மான் வேட்டை என்ற சொல்லே உறுத்தும் என்று தெரியும். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடும் அதற்கு 1991-இல் வந்த திருத்தத்தோடும் வேட்டை முடிந்துபோனது. அது முடிந்ததே நல்லது என்றுதான் நானும் நினைக்கிறேன். இங்கே நிலைமை வேறு. வெள்ளைவால் மான்கள் ஏராளம். அவற்றைத் தின்று எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கும் ஓநாய்கள் மிச்சிகனின் கீழ்த் தீபகற்பத்தில் நிலைத்து வாழ்வதில்லை. உரிமம், குறிப்பிட்ட காலம், குறிப்பிட்ட நேரம், சுட்டதைப் பதிவு செய்யும் கட்டாயம் எல்லாம் உண்டு. 1960-இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்கள் பாதுகாப்பு வகுப்பு முடித்தால்தான் உரிமம். நானும் முடித்தேன். என் வீட்டில் வருஷம் முழுக்க வேறு ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி வாங்குவதில்லை.

சரி, மரத்துக்கு வருகிறேன்.

எனக்கு வில் கற்றுக்கொடுத்தவர் பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர். கார் தொழிற்சாலையில் அச்சு செய்து ஓய்வு பெற்றவர். மூன்று வருஷம் அவர் வீட்டுக் கொல்லையில் தரையில் நின்று எய்தேன். பதினைந்து கஜத்தில் ஆறு அம்பும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் விழும். அதுதான் மானின் நெஞ்சுக்கூட்டில் நுரையீரல் இருக்கும் இடத்தின் அளவு. அந்த நம்பிக்கையில் க்ளைம்பர் வாங்கினேன். எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது, மான் மேலே பார்க்காது, வாசனை தலைக்கு மேலேயே போய்விடும் என்று எண்ணி முதல் அக்டோபரில் இருபத்து நான்கு அடி ஏறினேன்.

ஏழு கஜத்தில் ஒரு பெட்டை மான் வந்து நின்றது. ஏறக்குறைய என் காலுக்குக் கீழே. இழுத்தேன், விட்டேன். அம்பு முதுகெலும்புக்குப் பக்கத்தில், தோள்பட்டைக்குப் பின்னால், மேலே ஏறிப் பட்டது. மறுபக்கம் வெளியே வரவில்லை. மான் ஒரு தாவு தாவி ஓடியது, அம்பு அதன் மேலேயே குத்தி நின்றபடி.

அரை மணி காத்திருந்துவிட்டு இறங்கினேன். ஐம்பது அடியில் முறிந்த அம்பின் பாதி கிடைத்தது. இலைகளில் அங்கங்கே ஒரு சொட்டு. நூற்றைம்பது கஜத்தில் அதுவும் நின்றுவிட்டது. இருட்டும்வரை முழங்காலில் தவழ்ந்து தேடினேன். மறுநாள் தேடும் நாயைக் கூட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். மோப்பம் சதுப்புக்குள் போய்த் தொலைந்தது. அந்த மான் கிடைக்கவேயில்லை. இன்றைக்கும் அந்தச் சதுப்பைத் தாண்டிப் போகும்போது என் நடை தானாகவே மெதுவாகிறது.

பெரியவரிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. ஒரு காகிதத்தில் மானை வரைந்தார். முதலில் பக்கத்திலிருந்து, பிறகு மேலேயிருந்து. பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டு நுரையீரலும் ஒன்றன்பின் ஒன்றாக, அகலமான இலக்கு. தலைக்கு மேலிருந்து பார்த்தால் நடுவில் முதுகெலும்பு, இரண்டு பக்கமும் ஒடுங்கிய இரண்டு துண்டுகள். செங்குத்தாகப் போகும் அம்பு ஒரு நுரையீரலைத்தான் தொடும். அடியில் துளை விழாவிட்டால் ரத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே தேங்கும். தரையில் தடம் இருக்காது. நான் தேடியலைந்த அத்தனை மணி நேரத்துக்குமான விடை அந்தப் பென்சில் படத்தில் இருந்தது.

அப்புறம் நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். தட்டு பதினாறு அடியில் என்றால் நின்றால் கண் இருபத்தொன்றரை அடியில். மானின் நெஞ்சு இரண்டரை மூன்று அடி உயரம். பத்து கஜத்தில் நிற்கும் மானை நோக்கி அம்பு சுமார் முப்பது டிகிரி சரிவில் போகும். இருபது கஜத்தில் பதினேழு டிகிரிதான். ஐந்து கஜத்துக்கு வந்துவிட்டால் ஐம்பதைத் தாண்டிவிடும். ஆக, பதினாறு அடி ஏறினாலே எனக்கென்று ஒரு வளையம் அமைகிறது: மரத்திலிருந்து எட்டு கஜம் முதல் பதினைந்து கஜம் வரை. அதற்கு வெளியே நிற்பதும் என் மான் இல்லை, உள்ளே நிற்பதும் என் மான் இல்லை. இருபத்து நான்கு அடிக்குப் போனால் உள்ளே விலக்க வேண்டிய வட்டம் பெரிதாகிவிடும், ஆனால் என் வில் எட்டும் தூரம் ஒரு கஜம்கூட அதிகமாகாது.

மேலேயிருந்து எய்தால் அம்பு ஏன் உயர்ந்து படுகிறது என்று கேட்டால் எல்லோரும் புவியீர்ப்பைச் சொல்வார்கள். கிடைமட்டத் தூரத்துக்குத்தான் அம்பு தாழும், நீயோ சாய்வுத் தூரத்துக்குக் குறி வைக்கிறாய் என்று. உண்மைதான். ஆனால் இவ்வளவு கிட்டத்தில் அதனால் வரும் வித்தியாசம் அதிகம் போனால் மூன்று அங்குலம். என் அம்பு ஐந்தாறு அங்குலம் மேலே போயிருந்தது. மிச்சத்துக்குக் காரணம் என் இடுப்பு.

தரையில் எய்யும்போது இரண்டு தோளும் வில் பிடித்த கையும் ஒரே கோட்டில் இருக்கும், முதுகெலும்பு அதற்குச் செங்குத்தாக. எழுத வேண்டுமென்றால் ஆங்கில டி எழுத்து மாதிரி. கீழே பார்க்க வேண்டும் என்றதும் உடம்பு சோம்பேறித்தனமாகக் கையை மட்டும் தாழ்த்துகிறது. எழுத்து உடைகிறது. கண்ணுக்கும் அம்புக்கும் உள்ள இடைவெளி மாறுகிறது, தோள் முன்னுக்கு வந்து இழுப்பு ஓர் அங்குலம் குறைகிறது, முதுகுத் தசை பிடிக்காமல் வெறும் கையால் இழுக்கிறோம். குறிபார்க்கும் ஊசி இருந்தால் பிழை கண்ணுக்குத் தெரியும். என் வில்லில் தெரியாது. சரியான வழி: நேராக நின்றபடி முழுதாக இழுத்துவிட்டு, பிறகு இடுப்பிலிருந்து மொத்தமாக முன்னே குனிய வேண்டும். மேல் உடம்பு கல் மாதிரி, மடிவது இடுப்பு மட்டும். பதினாறு அடி உயரத்தில் வெறுங்காற்றை நோக்கி அப்படிக் குனிய உடம்பு சம்மதிக்காது. ஹார்னஸ் கயிறு இறுக்கிப் பிடிக்கிறது என்று முதுகுக்கு நம்பிக்கை வந்த பிறகுதான் சம்மதிக்கும்.

வில்லின் கீழ்ப்பாதி இன்னொரு தொல்லை. அறுபது அங்குல வில்லைக் கீழ்நோக்கிப் பிடித்தால் அதன் கீழ்நுனி என் முழங்காலுக்கும் உட்காரும் சட்டத்தின் குழாய்க்கும் நடுவில் வந்து நிற்கும். எய்த அந்த நொடியில் வில் முன்னே விரியும். நுனி குழாயில் பட்டால் அம்பு எங்கே போகும் என்று சொல்ல முடியாது, வில்லும் முறியலாம். காம்பவுண்ட் முப்பது முப்பத்திரண்டு அங்குலம்தான் என்பதால் அவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. நான் வில்லை வலது பக்கம் நன்றாகச் சாய்த்துப் பிடிக்கப் பழகினேன். ஐம்பத்திரண்டு அங்குலக் குட்டை வில்களும் உண்டு, முயன்று பார்த்தேன். நாண் கூர்மையாக மடிந்து விரல்களை நசுக்குகிறது. இன்னொரு வழியை அந்தக் கோடையில் கண்டுகொண்டேன். மரத்துக்கு முதுகு காட்டி உட்காராமல் மரத்தைப் பார்த்து உட்கார்வது. அடிமரம் என்னை மறைக்கும், நான் எழுந்து இடது பக்கம் சாய்ந்து எய்தால் குழாய் குறுக்கே வராது.

அந்தக் கோடை முழுக்கப் பெரியவரின் கொல்லையில் ஒரு மேப்பிள் மரத்தில் ஏறி இறங்கினேன். வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்குப் பன்னிரண்டு அம்பு, அதற்கு மேல் இல்லை. குளிர்காலக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஜூலை வெயிலில். தடித்த கோட்டோடு நாண் உரசும், இழுப்பு குறையும். அதை நவம்பரில் போய்க் கற்றுக்கொள்ளக் கூடாது. கீழே ரப்பர் மான் ஒன்றை அவர் ஒவ்வொரு நாளும் வேறு இடத்தில் நிறுத்துவார். சில நாள் வேண்டுமென்றே நான்கு கஜத்தில் நிறுத்துவார். நான் எய்யாமல் உட்கார்ந்திருந்தால் தலையசைத்துவிட்டு வந்து நகர்த்தி வைப்பார்.

இப்போது அந்த நவம்பர் விடியல்.

வெளிச்சம் வந்ததும் சட்டைப்பையிலிருந்து ஒரு மில்க்வீட் பஞ்சை எடுத்து விட்டேன். பார்த்தால் நம் எருக்கம் பஞ்சேதான். இரண்டும் ஒரே குடும்பம். காற்று இல்லாத காலையிலும் அது மெதுவாகப் பள்ளத்தை நோக்கி இறங்கியது. குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி சரிவில் ஓடும். வெயில் ஏறி நிலம் சூடான பிறகுதான் மேலே கிளம்பும். என் வாசனையும் அந்தப் பஞ்சு போன வழியில்தான் போகும். மான் தடம் மேட்டுப் பக்கம் இருந்தது. அதனால்தான் இந்த மரம்.

எட்டேகாலுக்குப் பெட்டை மான் வந்தது. ஓக் இலைகளில் அடி வைத்து, நின்று, மறுபடி வைத்து. நேராக என் மரத்தடிக்கு. நான்கு கஜம். அதன் முதுகின் நடுக்கோடு, மயிர் இரண்டு பக்கமும் பிரிந்து படிந்திருப்பது, ஈரம் மினுங்குவது எல்லாம் தெரிந்தது. என் விரல்கள் நாணில் இருந்தன. நான் இழுக்கவில்லை. அதன் மூச்சு எனக்குக் கேட்டது, நிச்சயமாகக் கேட்டது. ஏறக்குறைய ஐந்து நிமிடம் அது அங்கேயே கொட்டைகளைப் பொறுக்கித் தின்றது. என் இடது தொடை நடுங்க ஆரம்பித்தது.

பிறகு அது தடத்தோடு மேட்டுப் பக்கம் நகர்ந்தது. ஏழு கஜம். பத்து. ஒரு பருத்த ஓக்கின் பின்னால் அதன் தலை மறைந்தபோது எழுந்தேன், இழுத்தேன், குனிந்தேன். பதினொரு கஜத்தில், பக்கவாட்டில், முன்கால் ஓர் அடி முன்னே வைத்தது. என் அம்பு வினாடிக்கு நூற்றெழுபது அடிதான் போகும். நாணின் சத்தம் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும். அதற்காக நாணில் கம்பளி உருண்டை கட்டியிருக்கிறேன். விட்டதாக நினைவில்லை. வெள்ளை இறகு விலாவில் மறைந்ததும், அம்பு அந்தப் பக்கம் மண்ணில் குத்தி நின்று ஆடியதும்தான் நினைவிருக்கிறது.

மான் அறுபது கஜம் ஓடியது. விழும் சத்தம் மரத்திலிருந்தே கேட்டது. ஆனாலும் அரை மணி உட்கார்ந்திருந்தேன். கை நடுக்கத்தோடு கேபிளைக் கையாளக் கூடாது. வில்லைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். பிறகு நான், ஓர் அடி ஓர் அடியாக.

அம்பின் மூன்று இறகும் நனைந்து சிவந்திருந்தது. இலைகளின் மேல் தடம் ஒரு குழந்தைகூடப் பின்தொடரலாம் என்ற அளவுக்கு அகலமாக இருந்தது. அதன் பக்கத்தில் மண்டியிட்டு, கழுத்தில் கை வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தேன். சூடு இன்னும் இருந்தது. உரிமச் சீட்டைக் கட்டினேன். பெரியவருக்குப் படம் அனுப்பினேன். அம்பு நுழைந்த இடம், வெளியே வந்த இடம், இரண்டும்.

வண்டிக்கு வந்து சேர மதியம் பதினொன்றரை ஆகிவிட்டது. ஊரில் இரவு பத்து மணி. அம்மா தூங்கியிருக்க மாட்டாள், நவம்பரில் சனிக்கிழமைகளில் தூங்குவதில்லை. ஒரே மணியில் எடுத்துவிட்டாள்.

"எறங்கிட்டியா?"

"எறங்கிட்டேன்மா."

"சரி, சாப்பிடு" என்று வைத்துவிட்டாள்.